வெள்ளைக் குச்சிப் பாத்திகள்

மாசியில் மழை பெய்தால் மல்லாட்டை, வெளியூர்க்காரருக்கு வேர்க்கடலை, போட்டவன் வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்த வருஷம் மூன்று நாள் விடாமல் பெய்துவிட்டு, நான்காம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. அதைவிடக் கெட்ட சேர்மானம் கிடையாது. காலையில் எழுந்ததும் நான் என் புஞ்சைக் கொல்லைக்குப் போனேன். போனேனே தவிர, பார்த்தது பக்கத்துக் கொல்லையைத்தான். என்னுடையதில் பார்க்க என்ன இருக்கிறது? போன வருஷமே சவுக்கு வைத்துவிட்டேன். மழையோ வெயிலோ, அது பாட்டுக்கு நிற்கிறது. நான் வரப்பில் உட்கார்ந்து ஊராரை வேடிக்கை பார்க்கிறேன்.

பக்கத்துக் கொல்லை சூசை மேரி அக்காவுடையது. அவர்கள் மாதா கோயில், நாங்கள் திரௌபதியம்மன் கோயில். ஆனாலும் எனக்கு அவள் அக்கா, அவள் பிள்ளைகளுக்கு நான் மாமா. மகன் அந்தோணி பிரபு குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். வெறும் தண்டு கையோடு வந்தது. காய் மண்ணிலேயே தங்கிவிட்டது. தண்டின் அடியில் வெள்ளையாக நூல் நூலாகப் பூசணம், அதில் கடுகு மாதிரி உருண்டைகள்.

"மாமா, வந்துடுச்சி" என்றான்.

எது என்று நான் கேட்கவில்லை. தண்டழுகல். பிரம்மதேசம் ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்து மல்லாட்டையை ரெண்டு வருஷமாக அதுதான் தின்கிறது. எனக்கு அது வந்தபோது, "போங்கடா நீங்களும் உங்க மல்லாட்டையும்" என்று ஓமந்தூர்ப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் சவுக்குக் கன்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பிரபுவும் என்னோடு வந்திருப்பான். அவன் அக்கா லூசியா விடவில்லை.

லூசியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விழுப்புரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் வேலை. செடிக்கு நோய் எதிர்ப்பு எப்படி வருகிறது, மண்ணில் இருக்கிற நுண்ணுயிருக்கு அதில் என்ன பங்கு என்பதுதான் அவள் படிப்பு. பேருக்கு முன்னால் டாக்டர் உண்டு. ஊரில் ரெண்டு பேர் அவளை நிறுத்திச் சுகர் மாத்திரை கேட்டிருக்கிறார்கள். போன வருஷம் கொல்லை முழுக்கச் செத்துக் கிடந்தபோது, நடுவில் சாகாமல் நின்ற நாலைந்து செடியை வேரோடு தோண்டி ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள். கண்டக்டர் லக்கேஜ் போட்டான் என்று அக்கா ஒரு வாரம் திட்டினாள். அந்த வேரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பாக்டீரியாவை லூசியா தனியாகப் பிரித்து வளர்த்தாள்.

"அது பூசணத்தக் கொன்னுடுமா?" என்று நான் கேட்டேன்.

"கொல்லாது மாமா. கண்ணாடித் தட்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் அதது வேலையப் பாக்குது. அதான் எங்க ஆபீஸ்ல யாரும் நம்ப மாட்றாங்க. ஆனா வேருல குடி இருந்துச்சின்னா செடிய உசுப்பி வுடுது. நோயி வர்றதுக்கு முன்னாடியே செடி தயாராயிடுது."

"அப்போ தடுப்பூசின்னு சொல்லு."

"கிட்டத்தட்ட."

தட்டில் கொல்லாதது கொல்லையில் என்ன கிழிக்கும் என்று அவள் ஆபீசில் கேட்டார்களாம். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கிழிக்கும் என்று காட்டுவதற்கு அவளுக்கு நோய் ஊறின மண் வேண்டும், அந்த மண்ணில் ஒரு பட்டம் மல்லாட்டை வேண்டும். தம்பியிடம் கேட்டாள். பிரபு ஒரே பட்டம்தான் என்றான். தேறவில்லை என்றால் ஆனியில் சவுக்கு. நர்சரியில் சொல்லியும் வைத்துவிட்டான். சவுக்கு வேர் இறங்கினால் நாலு வருஷத்துக்கு அந்த மண்ணில் வேறு எதுவும் இல்லை. லூசியாவின் பாக்டீரியா கதையும் அத்தோடு சரி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விதைத்தார்கள். பன்னிரண்டு பாத்தி. ஆறுக்கு நீலக் குச்சி, ஆறுக்கு வெள்ளைக் குச்சி. நீலத்துக்கு உண்டான விதையை வடிகஞ்சியில் பாக்டீரியாவைக் கலந்து புரட்டி, நிழலில் காயவைத்து, பையின் வாயில் நீலக் கயிறு கட்டினாள். வெள்ளைக் கயிறு கட்டின பைக்கு வெறும் கஞ்சி மட்டும். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். அன்றைக்கே அக்கா சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"அதென்னடி, ஒரு பாத்திக்குப் போட்டு ஒரு பாத்திக்குப் போடாத வேல? ரெண்டு புள்ள பெத்தவ, ஒண்ணுக்கு ஊசி போட்டுட்டு ஒண்ண வுட்டுடுவாளா?"

"அது கண்ட்ரோலும்மா. போடாதது எப்டி ஆவுதுன்னு பாத்தாதான் போட்டது வேல செஞ்சிதான்னு தெரியும்."

"போடாதது செத்துப்பூடும்னு உனக்கே தெரியுது இல்ல? தெரிஞ்சே சாவ வுடுறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"ஆமாம்மா."

"நல்லா படிச்ச போ."

என் வீட்டுக்காரி வீரம்மாளும் அங்கே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அக்கா பக்கம். நானும் அக்கா பக்கம்தான், ஆனால் டாக்டர் பட்டம் வாங்கின பெண்ணிடம் வாய் கொடுக்க எனக்குப் பயம்.

இப்போது மாசி மழைக்குப் பிறகு அந்த வெள்ளைக் குச்சியில்தான் முதலில் தலை தொங்கியது. பிரபு எனக்குச் சொன்ன கையோடு வீட்டுக்கு ஓடி மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான். லூசியாவுக்கு, தலை தொங்கினதைப் பார்த்த விடிகாலையிலேயே, அவனே போன் பண்ணியிருக்கிறான். திண்டிவனத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சேற்றில் இறங்கி அவன் முன்னால் நின்றாள்.

"எதுக்குடா டேங்கு?"

"அக்கா, தள்ளு. வெள்ளக் குச்சில மூணு பாத்தி பூட்டுது. இன்னிக்கி அடிக்கலன்னா நீலத்துக்கும் தாவிடும்."

"தாவட்டும். தாவுதா இல்லியான்னு பாக்கத்தான போட்டிருக்கோம்."

"உனுக்கு இன்னா, பாத்துட்டு பஸ் ஏறிப் போய்க்கினே இருப்ப. ஊர்ல என்ன இன்னா சொல்றாங்க தெரியுமா? அக்காகாரி பேச்சக் கேட்டுக்கினு கொல்லைய சாவ வுட்டாம் பாருன்றாங்க."

அப்படிச் சொன்னது நான்தான். வாயை மூடிக்கொண்டு என் சவுக்குப் பக்கம் திரும்பினேன்.

"பிரபு, நீ மருந்து அடிச்சின்னா எது காப்பாத்துச்சின்னு யாருக்கும் தெரியாது. மருந்தா, பாக்டீரியாவா? அப்புறம் வர்ற வருஷமும் டேங்க் தூக்குவ, அதுக்கு அடுத்த வருஷமும் தூக்குவ. நான் இந்தப் படிப்புக்காக ஆறு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேண்டா. அடிக்கணும்னா என் மேல அடிச்சிட்டு அப்பால செடி மேல அடி."

அவன் கை டேங்கின் பிடியில்தான் இருந்தது. ரெண்டு பேரும் அப்பன் மாதிரி. சூசைமுத்து மாமன் பம்பு செட்டுக்குப் பூசை போடமாட்டேன் என்று கடைக்காரனோடு அரை நாள் நின்ற ஆள். அதற்குள் பிரபுவின் பெண்டாட்டி வெனிலா கூழ்க் குண்டானோடு வரப்பில் வந்து நின்றாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் தைக்கிற மாதிரி பேசுவாள்.

"போன வருஷம் நாலு தபா அடிச்சியே, இன்னா ஆச்சி?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவன் டேங்கின் வாரை இழுத்துச் சரிசெய்தான்.

"அடிச்சும் பூட்டுது இல்ல? இந்தத் தபா அடிக்காம போவட்டும். மருந்து வாட இல்லாம சோறாவது துன்னலாம். டேங்க எறக்கி வெச்சிட்டு வா. அண்ணி, நீங்களும் வாங்க, காலங்காத்தால ஒண்ணும் துன்னாம வந்திருப்பீங்க."

டேங்கை வரப்பில் 'ணங்' என்று வைத்தான். கேப்பைக் கூழ், மோர் மிளகாய், மல்லாட்டைத் துவையல். தவக்காலம் என்பதால் அக்கா வீட்டில் கருவாடு கிடையாது. என்னையும் கூப்பிட்டார்கள். வெட்கத்தை விட்டு நானும் ரெண்டு சொம்பு குடித்தேன்.

அடுத்து வந்த வாரங்களில் நீலக் குச்சிப் பாத்திகள் நின்றன. உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கே ஆச்சரியம். அங்கே ஒன்று இங்கே ஒன்று போனதே தவிர பாத்தி பச்சையாக இருந்தது. ஊரில் ஆட்கள் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்தார்கள். ஆனால் லூசியா முகத்தில் சந்தோஷம் இல்லை. அவள் பார்த்ததெல்லாம் வெள்ளைக் குச்சியை. அது செத்தது, ஆனால் முழுக்கச் சாகவில்லை. காய்ந்து சருகான செடிகளுக்கு நடுவில் கூடையைக் கவிழ்த்த அளவுக்கு அங்கங்கே பச்சை வட்டம் நின்றது. பாத்தியில் பாதி சருகு, பாதி பச்சை. எல்லா வெள்ளைப் பாத்தியிலும் அப்படியே.

"பாதி பொழச்சிருக்குதே, நல்லதுதான?" என்றேன்.

"நல்லதில்ல மாமா. போடாதது பாதி தானாவே பொழச்சிக்கிச்சின்னா, போட்டதால இன்னா பெருசா நடந்துடுச்சின்னு கேப்பாங்க. பங்குனி கடசில டாக்டர் திருமுருகன் வர்றாரு, எங்க ப்ராஜெக்ட் ஹெட்டு. அவரு பாத்துட்டு சரின்னாத்தான் இது மேல போவும். இல்லன்னா இத்தோட மூடிடுவாங்க."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்து ஒரு பச்சை வட்டத்தின் நடுச் செடியை மண்ணோடு பேர்த்தாள். ஓரத்தில் நின்றதில் ஒன்று, சருகானதில் ஒன்று. எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு விழுப்புரத்துக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் வருவதற்கு முதல் நாள் அவள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. பிரபு மடை திருப்பிக்கொண்டிருந்தான். நேராக அவனிடம் போனாள்.

"நீலப் பாத்தித் தண்ணிய வெள்ளப் பாத்திக்குத் திருப்புனியாடா?"

"இன்னாது?"

"பொய் சொல்லாத. வெள்ளக் குச்சி வட்டத்துல நடுவுல நிக்கிற செடி வேருல என் பாக்டீரியா கீது. நான் கூட்டினு போயி வுட்டேனா? தண்ணிலதான் போயிருக்கணும். தனித்தனி மடைன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

பிரபுவுக்கு மூக்கு விடைத்தது. அவன் அந்த மடைக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆறும் ஆறும் பன்னிரண்டு வாய்க்கால், ஒன்றின் தண்ணீர் ஒன்றில் சேராமல் மார்கழிப் பனியில் கரை அணைத்தான். ஊரே சிரித்தது. நானும்.

"மாமா, நீயே சொல்லு" என்றான். "ஒரு சொட்டு மாத்தி வுட்டிருப்பனா? அக்கா, நீ என்ன எது வேண்ணா சொல்லு. ஒன் வேலைய நான் கெடுத்தேன்னு மட்டும் சொல்லாத."

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். அவள் பின்னால் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெனிலா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். ரெண்டு பிள்ளைகளும் மாறி மாறிக் கத்துவதை அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவன இன்னாத்துக்குடி திட்ற?" என்றாள். "வெதைய நாந்தான் கலந்தேன்."

லூசியா அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"வெதைக்கிறதுக்கு மின்ன செவ்வாக்கெழம அந்தோணியார் கெபிக்கு வெத எடுத்தும் போயி மந்திரிச்சினு வருவமே, தெரியாத மாரி கேக்குற. நீ அன்னிக்கி விழுப்புரம் பூட்ட. நீலக் கயிறு பைதான் வாய் தொறந்து கெடந்துச்சி, அதுலர்ந்து ரெண்டு படி எடுத்து மடியில கட்டிக்கினு போனேன். வீரம்மா கூடத்தான் வந்துச்சி. சாமியாரு தீர்த்தம் தெளிச்சாரு. கொண்ணாந்து எல்லாப் பையிலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு கைய வுட்டுக் கலந்தேன். எப்பவும் செய்றதுதான?"

எப்பவும் செய்வதுதான். எங்கள் ஊரில் மாதா கோயில்காரர்கள் வீட்டு விதை முழுவதையும் தூக்கிக்கொண்டு அந்தச் சின்னக் குகைக் கோயிலுக்கு, கெபிக்குப் போவதில்லை. ரெண்டு படி போகும், மந்திரித்து வரும், மிச்ச விதையோடு கலக்கும். அந்தோணியார் ஆசீர்வாதம் ஒரு மணியில் இருந்தால் மூட்டைக்கே போய்ச் சேரும் என்பது கணக்கு. லூசியாவே சின்ன வயதில் மடியில் கட்டிக்கொண்டு போனவள்தான். பக்கத்தில் இருந்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

"வெள்ளக் கயிறு பையிலயுமா போட்ட?"

"போடாம? அந்தோணியாரு முன்னாடி ஒரு பைக்கு உண்டு, ஒரு பைக்கு இல்லன்னு ஓரவஞ்சன பண்ணச் சொல்றியா? உன் ஊசிதான் அதுக்கு இல்லன்னுட்ட. மந்திரிச்ச வெதையாவது போவட்டும்னு ஒரு கை கூடவே போட்டேன்."

லூசியா தலையில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவும் செய்தாள். "ஆறு வருஷம்மா, ஆறு வருஷம்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அக்கா அப்போதுதான் பயந்தாள். கீரைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "ஏண்டி, நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? சாமி பேராலதான செஞ்சேன்?" என்று மகள் முதுகைத் தடவினாள். லூசியா கையைத் தட்டிவிட்டாள். வெனிலா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

பிரபுதான் முதலில் வழி கண்டுபிடித்தான். தம்பி என்றால் தம்பி. அவ்வளவு திட்டு வாங்கின ஆள், பக்கத்தில் வந்து குந்தினான்.

"அக்கா, இப்ப இன்னா? வெள்ளப் பாத்தில அந்தப் பச்சை இருக்கக் கூடாது, அவ்ளோதான? காலைல அவரு வர்றதுக்கு மின்ன நானும் மாமாவும் எறங்கி ஜல்தியா புடுங்கிப் போட்டுடறோம். இருக்கிறது எல்லாம் சருகு. நீலம் பச்சை, வெள்ளை சருகு. யாரு கேக்கப் போறா?"

என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். சேர்க்கட்டும், நானும் தயார்தான். அந்த வட்டங்கள் எல்லாம் கலந்த விதையால் வந்தவை. அந்த விதை விழாமல் இருந்தால் அவை செத்தே இருக்கும். பிடுங்கினால் உள்ளது உள்ளபடி ஆகிவிடும் என்றுதான் என் புத்திக்கும் பட்டது. அதைச் சொன்னேன்.

லூசியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"செத்தே இருக்கும்னு உங்களுக்கு எப்டித் தெரியும் மாமா?"

"அதான் தெரியுதே."

"எனுக்கும் அப்டித்தான் தோணுது. தோணுறத வெச்சி நான் பாத்திய மாத்துனா, அப்புறம் இந்தக் கொல்லைல நான் பாத்தது எதையும் என்னாலயே நம்ப முடியாது. நாளைக்கி நூறு பேரு இத நம்பி டேங்க எறக்கி வெப்பாங்க. அவுங்க மல்லாட்ட பூட்டா?" எழுந்து நின்றாள். "ஒரு செடியத் தொடக் கூடாது. பிரபு, உன்னத்தான் சொல்றேன். ஒரு செடி."

"அப்போ சவுக்குதானா?" என்றான் அவன்.

அவள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

மறுநாள் டாக்டர் திருமுருகன் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷன். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். நீலப் பாத்தியைப் பார்த்துத் தலையாட்டினார், வெள்ளைப் பாத்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ட்ரோல்ல பாதி நிக்குதேம்மா."

"சார், அது கண்ட்ரோல் இல்ல" என்றாள் லூசியா. "விதைக்கிறதுக்கு முன்னாடி ட்ரீட் பண்ண விதை அதுல கலந்துடுச்சு." எப்படிக் கலந்தது என்பதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். கெபி, தீர்த்தம், மடி, எல்லாம். அக்கா வரப்பில் நின்று வெற்றிலையை மென்றுகொண்டே, அடிக்கிற கைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இந்த ட்ரயல் செல்லாது. நீங்களே சொல்லிட்டீங்க. நான் வேற எதுவும் எழுத முடியாது."

"தெரியும் சார். ஆனா ஒண்ணு பாருங்க." அவரை ஒரு பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இந்த நடுச் செடி மட்டும்தான் ட்ரீட் பண்ண விதை. இதோட வேர்ல பாக்டீரியா இருக்கு. சுத்தி நிக்கிற இந்த ஆறேழு செடியில இல்ல. நான் மூணு தடவ பாத்துட்டேன். பாக்டீரியா இல்ல, ஆனாலும் நிக்குது. அதுக்கு வெளிய எல்லாம் செத்துடுச்சு. ஒரு செடி தயாரானா பக்கத்துச் செடியும் தயாராவுதா? எப்டி? எனக்குத் தெரியல சார். ஆனா பத்துக்கு ஒரு விதைக்குப் போட்டாலே போதும்னு இருந்தா? மறுபடியும் விதைக்கணும். நீலம் தனி, வெள்ளை தனி, எங்க அம்மா கலந்த மாதிரி கலந்தது தனி."

அவர் ரொம்ப நேரம் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் ஒரு செடியின் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். எதற்கென்று அவருக்கே வெளிச்சம்.

"எழுதறது செல்லாதுன்னுதான் எழுதுவேன். ஆடிப் பட்டத்துல போட முடிஞ்சா போடுங்க. வந்து பாக்கறேன். வேற எதுவும் இப்போ சொல்ல முடியாது" என்றார். அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "அம்மா, அடுத்த தடவ கலக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் ஆடி என்று சொன்னாரே தவிர, மண் பிரபுவினுடையது. அவன் ஒரு பட்டம்தான் கொடுத்திருந்தான். லூசியா மறுபடி கேட்கவும் இல்லை. சித்திரையில் காய் பறித்தார்கள். நீலப் பாத்திச் செடியை உதறியபோது காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பிரபு ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் என்ன நினைக்கிறான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பன் புத்தி.

ஆனி பிறந்ததும் நர்சரி டெம்போ வந்துவிட்டது. என் கொல்லை ஓரமாகத்தான் அவர்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டும். டெம்போ நிறையச் சவுக்குக் கன்று. ஞாயிற்றுக்கிழமை, லூசியாவும் வீட்டில் இருந்தாள். டெம்போவைப் பார்த்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். நானாவது ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பார்த்தேன். சவுக்கு வைத்தவன் எந்த வாயால் சொல்வது?

"எங்கண்ணா எறக்கறது?" என்றான் டிரைவர்.

பிரபு வரப்பைக் காட்டினான்.

"வேலியோரத்துக்கு ஒரு வரிசை எறக்கு. மிச்சத்த எடுத்துக்கினு போ."

"இன்னாண்ணா, முழுக் கொல்லைக்கும் சொல்லி வெச்சிருந்தியே!"

"சொன்னேன். இப்ப கொல்லை காலி இல்ல."

"காலியாத்தான கீது?"

"டேய், அதுல ஆராய்ச்சி நடக்குது. எறக்கறியா இல்லியா?"

டிரைவர் திட்டிக்கொண்டே இறக்கினான். லூசியா வாசலில் வந்து நின்றாள். பிரபு அவளைப் பார்க்காமல் கன்றை எண்ணிக்கொண்டே சொன்னான்.

"உன் ட்ரயல் செல்லாதுன்னு அவரு எழுதிட்டாரு. நான் காயப் பாத்தேன். வெள்ளக் குச்சிக்கும் எடம் வுடுறேன். சாவுறது சாவட்டும். ஆனா மடைய மட்டும் இன்னொரு தபா சொன்ன, மண்வெட்டியால போட்டுடுவேன்."

"சொல்ல மாட்டேன்டா" என்றாள் அவள்.

ஆடி முதல் வாரம் விதை தயாரானது. இந்தத் தடவை மூன்று பை. நீலக் கயிறு, வெள்ளைக் கயிறு, மஞ்சள் கயிறு. மஞ்சளுக்குப் பத்துக்கு ஒன்று கலக்க வேண்டும். லூசியா எண்ணி எண்ணிப் போட்டதை அக்காவிடம் கொடுத்து, "நீயே கலம்மா, அன்னிக்கிக் கலந்த மாதிரியே" என்றாள். அக்கா முழங்கை வரை உள்ளே விட்டு, தோசை மாவு கரைக்கிற பக்குவத்தில் கலந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் அக்கா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, மடியை விரித்துக்கொண்டு பைகளுக்கு முன்னால் நின்றாள். எந்தப் பையில் கை வைப்பது என்று தெரியாமல் நின்றாள் என்று சொல்ல வேண்டும். போகாமலும் இருக்கமாட்டாள். அவளுக்கு அந்தோணியாரும் வேண்டும், மகளும் வேண்டும். லூசியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மடியக் கட்டு. மூணையும் தூக்கிக்கினு போலாம்" என்றாள்.

"முழுப் பையுமா?"

"முழுப் பையும். எல்லாத்துக்கும் தீர்த்தம் படட்டும். எதுலயும் எதையும் எடுக்க வேணாம், எதுலயும் போட வேணாம்."

நீலம் ஸ்கூட்டியில் முன்னால், மஞ்சள் பிரபுவின் வண்டியில், வெள்ளை என் வண்டியில். லூசியாவுக்குப் பின்னால் அக்கா. வீரம்மாள் என் பின்னால் வெள்ளைப் பையை அணைத்துக்கொண்டு வந்தாள். கெபியில் பத்திருபது பேர் மடியோடு நின்றார்கள். மூட்டையோடு வந்தது நாங்கள்தான். சாமியார் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார்.

"ஓரவஞ்சன வரக் கூடாது சாமி. கலக்கவும் கூடாது. பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது" என்றாள் அக்கா.

சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஜெபம் சொல்லி மூன்று பைக்கும் தெளித்தார். வெள்ளைப் பைக்குச் சரியாகப் படவில்லை என்று அக்கா இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள். ஜெபம் முடிந்ததும் ஜனங்கள் வழக்கம் போல ஒருவர் மடியிலிருந்து ஒருவர் ரெண்டு மணி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரியும் பழக்கத்தில் யாரோ கொடுத்த ஒரு பிடி விதையைக் கொண்டுவந்து, வெள்ளைக் கயிறு பையின் வாயைப் பிரித்தாள்.

படீரென்று அவள் புறங்கையில் ஓர் அடி விழுந்தது. விதை தரையில் சிதறியது. கெபியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கைய எடுடி வீரம்மா" என்றாள் சூசை மேரி அக்கா. "அது கண்ட்ரோலு."

பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, வெள்ளைக் கயிற்றை ரெண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.